இரண்டாம் கட்டுக்கு வராத வைஃபை: எக்ஸ்டெண்டர் வாங்கும் முன் எனக்குத் தெரியாமல் போனவை

எங்கள் வீட்டுத் தலைவாசலில் நின்று பார்த்தால் பின்தெருவில் சைக்கிளில் போகிறவரின் தலை தெரியும். முகப்பு, தூண்களும் திறந்த முற்றமும் உள்ள வளவு, அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி, தோட்டத்துக் கதவு எல்லாவற்றுக்கும் ஒரே நேர்கோட்டில் வாசல் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டில் பழைய வீடு உள்ள யாருக்கும் இது புதிதல்ல. சின்ன வயதில் அந்தக் கோட்டில் ஓடிப் பிடித்து விளையாடியவள் நான். அதே கோட்டை மறந்துவிட்டு, வீட்டுக்குள் வைஃபை வரவில்லை என்று மூன்று மாதம் அலைந்திருக்கிறேன். இதை முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

கானாடுகாத்தானை அடுத்த கிராமம் எங்களுடையது. அப்பச்சி (அப்பா) காலமானபின் ஆத்தாவை (அம்மாவை) தனியே விட மனம் வரவில்லை. சென்னை அலுவலக வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, பத்துப் பதினைந்து கடைக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்குப் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். ஆத்தாவுக்கு முழங்கால் வலி. உயரமான நிலைப்படிகளைத் தாண்டி முகப்புக்கு வர முடியாது என்பதால் இரண்டாம் கட்டில் அடுப்படியை ஒட்டிய அறையில்தான் இருக்கிறார். கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் நானும் இருக்க வேண்டும். ஆகவே என் மேசையும் அங்கேதான். இணையம் தெருப்பக்கம் வருகிறது, தேவைப்படுவதோ வீட்டின் மறுகோடியில். இடையில் நூற்றுப்பத்து அடி.

ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த இளைஞர், தெருவிலிருந்து கம்பி நுழைந்த இடத்திலேயே, அதாவது முகப்பின் இடது மூலை அறையில், அப்பச்சியின் இரும்புப் பெட்டிக்கு மேலே ஆணி அடித்து, வைஃபை தரும் ரவுட்டர் பெட்டியை மாட்டினார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. பக்கத்தில் நின்று வேகத்தைக் காட்டினார், 96 எம்பிபிஎஸ். நான் போட்டிருந்தது 100 எம்பிபிஎஸ் திட்டம், ஆகவே திருப்தியாகக் கையெழுத்துப் போட்டேன். அவரை இரண்டாம் கட்டு வரை அழைத்துவந்து, இங்கே எவ்வளவு வருகிறது, காட்டுங்கள் என்று கேட்டிருக்க வேண்டும். முதல் தவறு அது. நீங்கள் உட்கார்ந்து வேலை செய்யப்போகும் இடத்தில் வேகத்தைப் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெட்டியை எங்கே மாட்டுவது என்பதை வந்தவருடைய கம்பியின் நீளம் தீர்மானிக்கக் கூடாது.

இரண்டாம் கட்டில் இணையம் வரும், போகும். முதல் மாதம் எப்படியோ சமாளித்தேன். செப்டம்பர் 20 அன்று மாட்டிக்கொண்டேன். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர் 3பி படிவத்துக்கு அதுதான் கடைசி நாள். இரவு ஒன்பது மணிக்கு மூன்று பேருடைய படிவம் பாக்கி. ஓடிபி அலைபேசிக்கு வந்துவிட்டது. அதை இட்டால் பக்கம் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிறகு மறுபடி உள்ளே நுழையச் சொல்கிறது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முகப்புக்கு ஓடினேன். அதற்குள் கடைசி நேரக் கூட்டத்தில் அந்த இணையதளமும் திணற ஆரம்பித்திருந்தது. பன்னிரண்டு அடித்தபோது ஒன்றுகூட முடியவில்லை. ஒரு நாள் தாமதத்துக்கு ஆளுக்கு 50 ரூபாய் வீதம் 150 ரூபாய். என் கையிலிருந்து கட்டினேன். பணம் சின்னது. ஆனால் அந்த மூவரில் ஒருவர் மறுமாதம், "வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் ஆச்சி, தப்பாக நினைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டார். மாதம் 3,500 ரூபாய் போயிற்று. அதைவிட, வேலையில் நான் சுணங்கியவள் என்று பெயர் வந்ததுதான் தாங்கவில்லை. அன்றிரவு ஆத்தாவுக்குத் தெரியாமல் வளவுத் தூணில் சாய்ந்து அழுதேன்.

அந்த ஆத்திரத்தோடு, ரவுட்டரின் வைஃபையை வாங்கி மேலும் தூரத்துக்கு அனுப்பும் எக்ஸ்டெண்டர் என்ற கருவியை, மறுநாளே இணையத்தில் முதலில் கண்ணில் பட்டதை வாங்கினேன். 1,299 ரூபாய். பெட்டியில் 300 எம்பிபிஎஸ் என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. என் இணைப்பே 100தானே, இது மூன்று மடங்காயிற்றே என்று நினைத்தேன். வந்தவுடன் என் மேசைக்கு அருகிலேயே சுவரில் செருகினேன். அலைபேசியில் வைஃபை முழுதாகக் காட்டியது. பக்கத்தைத் திறந்தால் நகரவில்லை. முழுதாகக் காட்டுகிறதே, பிறகு ஏன் வரவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். விஷயம் எளிது. அலைபேசியில் தெரியும் அந்தக் கோடுகள், அலைபேசிக்கும் எக்ஸ்டெண்டருக்கும் இடையே உள்ள பலம். எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் இடையே என்ன நிலை என்பதை அவை சொல்வதில்லை. எக்ஸ்டெண்டர் சொந்தமாக இணையத்தை உண்டாக்குவதில்லை, தன் காதில் விழுந்ததைத்தான் அடுத்தவருக்குச் சொல்கிறது. காதில் விழாத இடத்தில் அதை வைத்தால் அது என்ன சொல்லும்? இணையம் இல்லாத அறையில் வைக்காமல், ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில், இன்னும் நன்றாக வந்துகொண்டிருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

வளவுக்கு நகர்த்தினேன். கொஞ்சம் வந்தது, ஆனால் பன்னிரண்டு, பதினைந்து எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவில்லை. நான் வாங்கியது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்கும் வகை. வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடப்பதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் எண் காகிதக் கணக்கு. இரண்டு அலைவரிசை உள்ள கருவிகளிலும் இதே கதைதான். 1200 என்று போட்டிருப்பார்கள், 2.4இல் 300, 5இல் 867, இரண்டையும் கூட்டி உயர்த்திப் போட்ட எண் அது. எந்த அலைபேசிக்கும் அந்த மொத்தம் கிடைக்காது.

இரண்டாவதைக் காரைக்குடியில் ஒரு கடையில் வாங்கினேன். இரண்டு அலைவரிசை, 2,899 ரூபாய். "எல்லா ரவுட்டருக்கும் சேரும் ஆச்சி" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வீட்டில் செருகி, கடவுச்சொல் இடாமலே இணைப்பதற்கான டபிள்யூபிஎஸ் பொத்தானை இரண்டு பெட்டியிலும் அமுக்கினால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்து அணைந்துவிடும். கடவுச்சொல்லைக் கையால் இட்டால் தவறு என்று சொல்லும். கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால், உறை பிரித்துவிட்டதால் எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். ஊரில் கணினி பழுதுபார்க்கும் ஒருவரை இரண்டு தடவை வரவழைத்தேன், தடவைக்கு 500 ரூபாய். அவர் எக்ஸ்டெண்டரை மறுபடி மறுபடி பழைய நிலைக்குத் திருப்பினாரே தவிர, ரவுட்டர் பக்கம் கையை வைக்கவில்லை.

இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு ஐந்தாவது முறையாகப் பேசியபோது ஒரு பெண் கிடைத்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எக்ஸ்டெண்டர் பெட்டியில் டபிள்யூபிஏ3 என்று எங்கேனும் போட்டிருக்கிறதா, பாருங்கள்." பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டபிள்யூபிஏ2 வரைதான் இருந்தது. எங்கள் ரவுட்டரில் இடையில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று மாற்றியிருக்கிறார்கள்; அதற்கு முன் வாங்கியதால்தான் முதல் எக்ஸ்டெண்டர் இணைந்தது. இது வைஃபைக்குப் போடும் பூட்டு. புதிய பூட்டுக்குப் பழைய கருவியிடம் சாவி இல்லை. அதனால்தான் சரியான கடவுச்சொல்லையும் தவறு என்று சொல்லியிருக்கிறது. அவர் அங்கிருந்தபடியே இரண்டும் கலந்த அமைப்புக்கு மாற்றினார். மூன்று நிமிடத்தில் எக்ஸ்டெண்டர் இணைந்தது. இருபத்தொரு நாள் நான் பட்ட பாட்டுக்கு மூன்று நிமிடம்.

பொருத்தம் என்ற சொல்லை ஜாதகத்துக்குத்தான் நாம் பயன்படுத்துகிறோம். இதிலும் பார்க்கத்தான் வேண்டும், பார்க்க வேண்டியது முதலில் நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெட்டியை. கடைக்குப் போகும் முன் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டை அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல் எண் அதில் இருக்கும். அது 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசையும் தருகிறதா, வைஃபை 4, 5, 6 இவற்றில் எந்தத் தலைமுறை, பூட்டு எந்த வகை, நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா அல்லது நிறுவனத்திடம்தான் இருக்கிறதா என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வைஃபை 5 ரவுட்டருக்கு வைஃபை 6 எக்ஸ்டெண்டரும் இணையும், ஆனால் அவை இரண்டும் பேசிக்கொள்வது பழைய வேகத்தில்தான். கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு அங்கே பலன் கிடைக்காது. எக்ஸ்டெண்டரில் உள்ள கம்பித் துளை (ஈதர்நெட் போர்ட்) 100 எம்பிபிஎஸ் வகையா, கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வகையா என்றும் பார்க்க வேண்டும். 200, 300 திட்டம் வைத்திருப்பவர்கள் 100 துளையில் கம்பி செருகினால் 95க்கு மேல் காண முடியாது.

மெஷ் என்று எழுதியிருப்பதை நம்பி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்குள் நடந்துபோகும்போது இணைப்பு அறுபடாமல் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த வசதி, பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் ரவுட்டரும் எக்ஸ்டெண்டரும் சேர்ந்தால்தான் கிடைக்கும். ஈஸிமெஷ் என்று ஒரு பொதுவான முறை இருக்கிறது. இரண்டு பெட்டியிலும் அது இருந்தால் வேறு வேறு நிறுவனப் பொருட்களும் சேரலாம். இல்லையென்றால் மெஷ் எக்ஸ்டெண்டரும் சாதாரண எக்ஸ்டெண்டராகவே வேலை செய்யும். என் இரண்டாவது பெட்டிக்கு அதுதான் நடந்தது.

இடையில் அமெரிக்காவிலிருந்து வந்த நாத்தனார் மகன், தன் வீட்டில் சும்மா கிடந்தது என்று ஒரு எக்ஸ்டெண்டரைக் கொண்டுவந்து கொடுத்தான். நல்லவேளையாக, செருகும் முன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தது. நம் வீட்டில் 230. செருகியிருந்தால் கருகியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வருவதை வேண்டாம் என்று சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் 100 முதல் 240 வரை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரத்தில் செருகுங்கள். பெரும்பாலான அமெரிக்கக் கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் 11ஆம் சேனல் (அந்த அலைவரிசையின் உட்பிரிவு) வரைதான் பார்க்கும். இங்கே 13 வரை அனுமதி உண்டு. நம் ரவுட்டர் 12இலோ 13இலோ இருந்தால் அவற்றின் கண்ணுக்கு நம் வைஃபையே தெரியாது.

இரண்டாவது எக்ஸ்டெண்டரை வளவில் ஒரு தூணருகே வைத்தேன். பகலில் என் மேசையில் 35 எம்பிபிஎஸ் வந்தது. ஆனால் இரவானால் போய்விடும். இரவில் எல்லாரும் படம் பார்ப்பார்கள், அதனால் கூட்டம் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். ஒரு நாள் இரவு ஒன்பதுக்கு வழக்கம்போல முகப்புக்கும் வளவுக்கும் நடுவே உள்ள கதவைச் சாத்தப் போனேன். இரண்டு இலைகளும் பர்மா தேக்கு, என் கையகலக் கனம், வரிசையாகப் பித்தளைக் குமிழ் பதித்தவை. ஒரு இலையைச் சாத்திவிட்டு மற்றதை இழுக்கும்போது, தூணருகே எக்ஸ்டெண்டரின் சிறிய நீல விளக்கு கண்ணில் பட்டது. கதவு பொருந்தித் தாழ்ப்பாள் விழுந்த சிறிது நேரத்தில் விளக்கு சிவப்பாயிற்று. என் மூச்சே நின்றுவிட்டது. கதவைத் திறந்தேன். ஒரு நிமிடம் போல ஆயிற்று, மறுபடி நீலம். மூன்று முறை சாத்தியும் திறந்தும் பார்த்தேன். ஆத்தா உள்ளேயிருந்து, "யாரம்மா வந்திருப்பது?" என்று கேட்டார்.

அப்போதுதான் வாசல்களின் நேர்கோடு நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டுச் சுவர்கள் ஒன்றரை அடி முதல் இரண்டு அடி வரை கனம். செங்கல், சுண்ணாம்புக் காரை, அதன்மேல் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு. அந்தச் சுவர் ஒன்றைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலும் தேய்ந்துவிடுகிறது. 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். வைஃபை வலு காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, வீடு முழுக்க நடந்து குறித்துக்கொண்டேன். அது காட்டுவது டிபிஎம் என்ற அளவு, எண் பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம். ரவுட்டருக்கு அடியில் மைனஸ் 35, முகப்புத் திண்ணையில் மைனஸ் 58, வளவில் மைனஸ் 70, இரண்டாம் கட்டில் மைனஸ் 82. மைனஸ் 67க்குள் இருந்தால் வேலைக்கு நல்லது, 80ஐத் தாண்டினால் நம்ப முடியாது. இந்த நடையைப் பணம் செலவழிக்கும் முன்னால் நடந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

மூலை அறையில், இரும்புப் பெட்டிக்கு மேல் இருந்த ரவுட்டர், ஒரு சுவரைத் துளைத்துத்தான் நேர்கோட்டுக்கே வந்திருக்கிறது. நிறுவன ஆளைக் கூப்பிட்டு, நீளமான ஃபைபர் கம்பி போட்டு, பெட்டியை முகப்பின் நடுவே வாசல் கோட்டுக்கு நேராக மாற்றச் சொன்னேன். ஃபைபரை நாமே இழுத்து மடக்கக் கூடாது, உள்ளே கண்ணாடி இழை முறிந்துவிடும். மாற்றியவுடன் வளவில் மைனஸ் 57 ஆனது. எக்ஸ்டெண்டர் இல்லாமலே இரண்டாம் கட்டில் கொஞ்சம் வந்தது. அடுக்கு மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு, ரவுட்டரை இப்படி இடம் மாற்றுவதே பெரும்பாலும் போதுமாக இருக்கும். எனக்குப் போதவில்லை, ஏனென்றால் கதவைச் சாத்தாமல் தூங்க முடியாது.

கடைசி வழி கம்பிதான். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒரு கம்பி இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை வைப்பது. அதற்குச் சுவரில் துளை போட வேண்டும். வீடு பங்காளிகள் எல்லாருக்கும் பொது. கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பாவிடம் போனில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "அந்தப் பூச்சைத் திரும்பப் பூச இன்றைக்கு ஆள் எங்கேயம்மா இருக்கிறது? உடைந்தால் உடைந்ததுதான்" என்றார். எனக்கும் அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. கண்ணாடி போல மினுங்கும் அந்தச் சுவரில் துளைக்கருவியை வைக்க என் கையும் வராது.

வழியைக் கண்டுபிடித்தது எங்கள் ஊர் எலெக்ட்ரீசியன். ஐயா (தாத்தா) காலத்தில் முகப்பிலிருந்து அடுப்படிக்கு ஒரு மின்மணி இருந்திருக்கிறது. மரப்பட்டிக்குள் ஓடிய அந்தக் கம்பி எப்போதோ அறுந்துபோய்விட்டது. நிலைக்கு மேலே சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் மட்டும், தூசி அடைத்து, பீங்கான் குழாய் அப்படியே இருந்தது. ஏணியில் நின்றபடி அதை ஊதினார். மறுபக்கம் வளவில் நான் நின்ற இடத்தில் தூசி கொட்டியது. அந்தத் துளை வழியாகவே புதுக் கம்பி போயிற்று. ஒரு சுவரிலும் புதிய துளை இல்லை.

கம்பி விஷயத்தில் ஏமாறாதீர்கள். கேட் 6 என்ற இணையக் கம்பி வகையைக் கேட்டு வாங்குவதோடு, உள்ளே முழுச் செம்பா என்றும் கேளுங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பியும் அதே பெயரில் விற்கிறது. நூறு மீட்டர் வரை ஒரே கம்பியாகப் போகலாம், எங்களுக்கு 45 மீட்டர் போதுமாக இருந்தது. வளவின் திறந்த முற்றத்துக்குக் குறுக்கே இழுத்தால் தூரம் குறையும், ஆனால் நான் சம்மதிக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகை இடியில் வெட்டவெளியில் செம்புக் கம்பி கிடக்கக் கூடாது. தாழ்வாரத்தை ஒட்டிச் சுற்றி, அணில் கடிக்காதபடி பிவிசி குழாய்க்குள் விட்டோம். கம்பி 1,260, குழாயும் கூலியும் 1,500, கிகாபிட் துளை உள்ள சாதாரண ரவுட்டர் 2,350. மொத்தம் 5,110 ரூபாய். அதற்கு முன் நான் தொலைத்தது 5,348 ரூபாய், போன வாடிக்கையாளரின் பணம் இதில் சேராது.

முதல் நாள் மாலை கம்பியைச் செருகியதும் வீடு முழுக்க இணையம் நின்றுவிட்டது. இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி, 192.168.1.1. போதாததற்கு இரண்டும் தனித்தனியே மற்றக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கப் போட்டிபோட்டன. புது ரவுட்டரின் அமைப்பில், முகவரி கொடுக்காமல் வரும் இணையத்தை வைஃபையாக மட்டும் தரும் அக்சஸ் பாயிண்ட் முறை என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தவுடன் சண்டை தீர்ந்தது. அந்த முறை உள்ள ரவுட்டராகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே கடவுச்சொல், ஒரே வகைப் பூட்டு வைத்தால் அலைபேசி தானே மாறிக்கொள்ளும். மின்தடைக்குச் சிறிய யுபிஎஸ் வாங்குகிறவர்கள் இரண்டு பெட்டியின் வோல்ட்டையும் பாருங்கள். என்னுடையதில் ஒன்று 12, மற்றது 9.

இப்போது கதவு சாத்தியிருந்தாலும் என் மேசையில் 90க்குக் குறையாமல் வருகிறது. டிசம்பர் 20ஆம் தேதிக்கான படிவங்களை 17ஆம் தேதியே முடித்துவிட்டேன். இரண்டாவது எக்ஸ்டெண்டரைத் தங்கை வாங்கிக்கொண்டாள், அவளுடைய காரைக்குடி வீட்டு ரவுட்டரின் சீட்டைப் பார்த்து, பூட்டு டபிள்யூபிஏ2 என்று உறுதிசெய்தபின்தான் கொடுத்தேன். முதலில் வாங்கிய 1,299 ரூபாய்ப் பெட்டி அடுப்படி வாசலில் இருக்கிறது. புது ரவுட்டரிலிருந்து பன்னிரண்டு அடி, நடுவில் கதவில்லை. தோட்டத்துத் திண்ணையில் வெயில் தாழ உட்கார்ந்து ஆத்தா பேத்தியோடு வீடியோவில் பேசுவது அதன் வழியாகத்தான்.